மரகதத்தின் குதிகால்

மரகதத்தின் குதிகால் வலியைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் அமெரிக்காவின் பிஸ்கட்டவே ஊரில் யாராவது இருந்தால், அவர் அன்று காலைதான் விமானத்தை விட்டு இறங்கியிருக்க வேண்டும். நாலரை வருஷத்து வலி. கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் அவள் போடும் "அய்யோ" சத்தத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த குஜராத்திக்காரர் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டார். மூன்று டாக்டர்கள், பதினேழு தைலங்கள், அண்டா அண்டாவாக வெந்நீர். குதிகால் எதற்கும் மசியவில்லை.

அந்த வலி தீரவே கூடாது என்று உலகத்தில் ஒரே ஒரு ஜீவன் வேண்டிக்கொண்டிருந்தது. அது அவளுடைய புருஷன் வெங்கடாசலம்.

மகன் ரஞ்சித்குமாரிடம் வந்து சேருவதற்கு முன், சொந்த ஊரான கோபியில் அவள் அப்பா அவளுக்கென்று கொடுத்த வீட்டை வெங்கடாசலம் விற்றுவிட்டார். விசாவுக்கான பேப்பர் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். விஷயம் தெரிந்த அன்று மரகதம் கத்தவில்லை, பாத்திரத்தை உருட்டவில்லை.

"நான் ஊருக்கே, எந்தங்கச்சி வூட்டுக்குப் போயர்றேனுங்க. நீங்க இங்கயே இருந்துக்கங்க" என்றாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் குதிகால் பிடித்துக்கொண்டது. வெங்கடாசலம் அந்தக் குதிகாலுக்கு மனசுக்குள் மாலையே போட்டார்.

"ஏர்போர்ட்ல வீல்சேர் புக் பண்ணிடலாம்மா. எல்லா பேரண்ட்ஸும் அப்படித்தானே போறாங்க" என்றான் மகன். உண்மைதான். நியூவார்க்கில் வீல்சேரில் சாய்ந்து போய், சென்னையில் டாக்சியைப் பிடிக்க நாலுகால் பாய்ச்சலில் ஓடிய மாமாக்கள் அந்தத் தெருவிலேயே பத்துப் பேர் இருந்தார்கள்.

"நடக்க முடியாதவளா தங்கச்சி வாசல்ல போய் எறங்க மாட்டேன் கண்ணு" என்றாள் மரகதம்.

இரண்டாயிரத்து ஒன்றில், ஏப்ரல் மாதம், மகன் ஒரு சேதி கொண்டுவந்தான். "கிட்னி கல்லை உடைக்கிறாங்கல்ல, அதே மாதிரி அதிர்வைக் குதிகாலுக்கும் குடுக்கறாங்கம்மா. ஷாக்வேவ். இப்பதான் அப்ரூவ் ஆயிருக்கு."

மெஷின் ஒரு குட்டி யானை அளவுக்கு இருந்தது. குதிகாலை மரக்கவைத்து, அதன்மேல் மெஷினின் தலையை அழுத்தி, பட் பட் பட் என்று ஆயிரத்தைந்நூறு அடி. ஒவ்வொன்றும் வெங்கடாசலத்தின் நெஞ்சில்தான் விழுந்தது. கரண்ட் போகாதா என்று பழனி முருகனை வேண்டினார். அமெரிக்காவில் எங்கே போகிறது!

முடிந்ததும் டாக்டர் கேட்டதை மகன் தமிழில் சொன்னான். "வீட்ல வெறுங்காலோட நடப்பீங்களான்னு கேக்கறார். இனிமே பன்னெண்டு வாரத்துக்கு ஷூ இல்லாம தரையில காலே வெக்கக் கூடாதாம். இல்லேன்னா இது குணமாகாதாம்."

வெங்கடாசலத்துக்கு மூச்சு வந்தது. அவர்கள் வீட்டில் சாமி படங்கள் இருந்தது சமையலறை அலமாரியில், அரிசி மூட்டைக்கு மேல் தட்டில். மரகதம் நாளெல்லாம் நிற்பதும் அங்கேதான்.

மெத்தென்ற புது ஷூவோடு அவள் சமையலறை வாசலுக்கு வந்ததும், "சாமி இருக்கற எடத்துல செருப்புக்காலோடயா?" என்றார். அவ்வளவுதான். அவள் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

மூன்று வாரம் ஆகியும் "அய்யோ" குறையவில்லை. வெங்கடாசலம் தினமும் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார்.

நாலாவது வாரம் ஒரு காலை, காப்பி கேட்கப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மரகதம் ஒற்றைக் காலில் நின்று, அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, சாமியிடம் தணிந்த குரலில் அழுதுகொண்டிருந்தாள்.

"மெசினும் கைவிட்டுருச்சு. இந்த மனுசனோடயே கெடந்து சாகோணுமா நானு?"

வெங்கடாசலம் காப்பி கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்து, முருகன், பிள்ளையார், லட்சுமி என்று ஒவ்வொரு படமாக மாடிக்குச் சுமந்தார். எட்டுப் படங்கள் எட்டு மலையாகக் கனத்தன. இறங்கி வந்து ஷூவை அவள் காலடியில் வைத்தார்.

"சாமி மேல போயிருச்சு. போட்டுக்க புள்ள. கால் சரியானா நீ போயிருவேன்னுதான் நான் அப்படிச் சொன்னேன்."

மரகதம் அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஷூவைப் போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் மாதம், நியூவார்க் விமான நிலையம். அப்போதெல்லாம் வழியனுப்ப வருகிறவர்களையும் விமான வாசல் வரை விடுவார்கள். கார் பார்க்கிலிருந்து அவ்வளவு தூரமும் அவள் நடந்தே வந்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டார் வெங்கடாசலம். அந்தக் கேள்வியில் இருந்த ஆசை அவருக்கே வெட்கமாக இருந்தது.

"துளிகூட இல்லீங்க."

"நானும் அங்க..."

"மாத்திரைய மறக்காம சாப்புடுங்க" என்றாள் மரகதம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையில் சேர்ந்தாள்.

விமானத்துக்குள் போகும் அந்த நீளப் பாதையில் அவள் நடப்பதை அவர் கண் கொட்டாமல் பார்த்தார். ஒரே ஒரு அடியாவது நொண்டுவாளா என்று பார்த்தார்.

மரகதம் நொண்டவில்லை.