அகலாத ஒளிப்பொட்டு

கோபியின் மலை ஊரான மஞ்சக்குட்டையில் ஜீப்பை விட்டு இறங்கியதும் சசிரேகாவுக்கு வந்த வழியே திரும்பிவிடலாமா என்றிருந்தது. கோபி டெங்குக் காய்ச்சலில் இறந்து, வருகிற வாரத்தோடு ஓர் ஆண்டு ஆகிறது. இருவரும் ஒரே ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள். அவன் பாதியில் விட்டதை முடித்து, அவன் பெயரை முதலில் போட்டுக் கட்டுரையாக வெளியிடுவதாகச் சாவு வீட்டில் அவன் அம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த கோபியின் அப்பா மாதேஸ்வரன் எழுந்து வந்தார்.

"வாங்க கண்ணு. ஏ குப்பாயி, யாரு வந்திருக்கறதுன்னு பாரு. நம்ம கோபி கூடப் படிச்ச புள்ள."

அவன் அம்மா குப்பாயி கைபேசியோடுதான் வெளியே வந்தாள். நினைவு நாளுக்கு அடிக்கப்போகும் பிளெக்ஸ் அதில் இருந்தது. ஒரு பக்கம் கோபியின் முகம். மறுபக்கம் அவன் எடுத்த படம்: இருட்டில் ஓர் ஒளிப்பொட்டு, கட்டத்துக்குக் கட்டம் அகன்றுகொண்டே போனது.

"பஸ் ஸ்டாப்புல கட்டறோம் சாமி. பிளெக்ஸ் கடைச் சந்திரசேகர் நாளைக்கு அடிச்சுத் தர்றேன்னுட்டான். இருட்டு ரூமுக்குள்ள என்னத்தப் படிக்கறானோன்னு சிரிச்சவங்க அத்தனை பேரும் பாக்கோணும். கட்டுரை எப்ப வருதுங்க?"

'தாமதமாகிறது என்று மட்டும் சொல்லிவிடு' என்று ஆய்வகப் பேராசிரியர் சொல்லியனுப்பியிருந்தார். மலையேறி வந்த வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். கைபேசியில் அந்தப் படத்தைப் பார்த்ததும், இல்லாத பெருமையைக் கொடுத்துவிட்டுப் போவது இறந்தவனுக்குச் செய்யும் அன்பல்ல என்று தோன்றியது.

"வராதுங்கம்மா. அந்தப் படம் தப்புங்க."

மாதேஸ்வரன் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"மூணே அணு கனத்துல ஒரு தகடுங்க. அதுமேல லேசர் பட்டா மின்துகள் பொறக்கும். அது எவ்வளவு தூரம் ஓடுதுன்னு பாக்கறதுதான் எங்க வேலை. பொட்டு அகலமானா ஓடுதுன்னு நெனச்சுக்குவோம். கேமராவுல மங்கலாத் தெரியுதுன்னு கோபி லேசர் வெளிச்சத்தக் கூட்டி வெச்சுட்டாருங்க. அளவுக்கு மிஞ்சிப் பொறந்ததுக நடுவுல நெருக்கியடிச்சு, ஒண்ணோட ஒண்ணு மோதி அழிஞ்சு போச்சு. ஓரத்துல இருந்ததுதான் மிஞ்சுச்சு. அதுதான் ஓடுன மாதிரி தெரியுது. நான் வெளிச்சத்தக் கொறச்சு எடுத்துப் பார்த்தேங்க. பொட்டு அகலவே மாட்டேங்குது."

"ஓடலீங்களா?" என்றாள் குப்பாயி. "நடுவுல இருந்தது செத்துப் போச்சுங்களா?"

"ஆமாங்க."

"செத்தவன் வந்து பதில் சொல்ல மாட்டான்னு தைரியம். இல்ல?"

"எம்மேலயும் தப்புங்கம்மா. அன்னைக்கு இந்தப் படத்தப் பாத்துக் கை தட்டுனது நானுந்தான்."

குப்பாயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு அவள் கைபேசியில் பேசுவது கேட்டது. "சந்திரசேகரு, அந்தப் படத்த எடுத்துடு. மூஞ்சி மட்டும் போதும். ஏன்னு கேக்காத, எடுத்துடுப்பா." அதன் பிறகு வந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு இருவராலும் அங்கே நிற்க முடியவில்லை.

பனிமூட்டத்தில் மாதேஸ்வரன் அவளோடு ஜீப் நிற்கும் இடம்வரை நடந்தார். வழியில் ஒரே ஒரு முறை பேசினார்.

"இனி ஊட்டுப் பக்கம் வராதீங்க கண்ணு. நொம்ப உடைஞ்சு போயிருக்கறா. தாங்க மாட்டா."



ஜீப் நிறைந்திருந்தது. அவர் குனிந்து, முன்னால் இருந்தவரைப் பின்னால் போகச் சொன்னார். "இந்தப் புள்ள முன்னால உக்காரட்டும்ப்பா. படிக்கற புள்ளைங்களுக்கு எறக்கத்துல தலை சுத்தும். எங்க கோபிக்கும் சுத்தும்."

அது மன்னிப்பில்லை. மகனைப் பறிகொடுத்த மனிதரிடம் கடவுள் மிச்சம் விட்டிருந்தது இந்தச் சின்ன அக்கறை மட்டும்தான். அதை அவர் அவளுக்குக் கொடுத்துவிட்டார். அவள் பக்கத்துக் கதவு சரியாகப் பிடிக்கவில்லை. திறந்து, இன்னொரு முறை ஓங்கிச் சாத்திவிட்டு, ஓட்டுநரைப் பார்த்து, "பார்த்துப் போப்பா" என்றார்.