நான்கு மணிச் சங்கு

ஆறு ஊருக்குள் புகுந்து வடிந்த ஒன்பதாம் நாள், தலைநகர் தெகுசிகல்பாவிலிருந்து ஓர் அதிகாரி வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். பெயர் ஃபெர்மின் அர்ரியாகா. பக்கத்து நாற்காலியில் எங்கள் மேயர் டொன் அபுந்தியோ. சுவரில் இடுப்பு உயரத்துக்குப் படிந்த சேறு இன்னும் காயவில்லை. செத்தவர்கள் பதினோரு பேர். ஆளுக்கு ஒரு தாள். சொந்தக்காரர் அதில் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக் கூரைக்குத் தகரம் கிடைக்கும். வரிசையில் ஒப்துலியாவுக்குப் பின்னால் நான் நின்றேன். அதிகாரி அவளை மரியாதைக்கு 'டோன்யா' போட்டுக் கூப்பிட்டார்.

"செத்தது யாரு, டோன்யா?"

"என் தங்கச்சி கசில்தா."

"வெள்ளத்தன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு அபாயச் சங்கு ஊதிச்சு. கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"தங்கச்சிக்கு?"

"அவளுக்குத்தான் முதல்ல கேட்டுச்சு."

"சரி. இங்க கையெழுத்துப் போடுங்க."

"என்ன எழுதியிருக்கு?"

"வழக்கமா எழுதறதுதான்."

"எனக்குக் கண்ணு சரியில்ல. வாசிங்க."

அவர் வேகமாக வாசித்தார்: 'அரசு உரிய நேரத்தில் எச்சரிக்கை விடுத்தது. இறந்தவர் அதை மதிக்காமல் வெளியேறத் தவறினார்.'

"மதிக்கலையா? சங்கு கேட்டதும் அடுப்புல கிடந்த தோர்த்தியா ரொட்டிய அப்படியே விட்டுட்டு ஓடினா அவ."

"மேட்டுக்கா?"

"மேட்டுக்கு எதுக்கு? ஆத்தோரத்துப் பந்து மைதானத்துக்கு. கையில சாக்கோட."

அதிகாரி பேனாவை வைத்தார். "வெள்ளம் வருதுன்னு சங்கு ஊதினா ஆத்தங்கரைக்கு ஓடுவாங்களா? என்ன புத்தி இது?"

"எங்க புத்தி இல்லீங்க. பக்கத்துல உக்காந்திருக்காரே, அவரு குடுத்த புத்தி."

மேயர் தொண்டையைச் செருமினார். "ஒப்துலியா, துக்கத்துல இருக்கே. பாத்துப் பேசு."

"பாத்துத்தான் பேசறேன். சங்கு மாட்டி மூணு வருசமாச்சு. அந்த வெள்ளத்துக்கு முன்னாடி ஒரு தடவையாச்சும் தண்ணிக்கு ஊதினீங்களா, டொன் அபுந்தியோ? பீன்ஸ் மூட்டை வந்தா ஊதினீங்க. தேர்தலுக்கு அரிசி குடுத்தப்ப ஊதினீங்க. ஊதின அஞ்சு நிமிஷத்துல மைதானத்துக்கு வரலன்னா பங்கு கிடையாதுன்னு ஒலிபெருக்கியில சொன்னது யாரு?"

மேயர் அதிகாரியின் பக்கம் சாய்ந்தார். "ஜனங்களக் கூப்பிட வேற வழி இல்லீங்க. சங்கு சும்மாதானே கிடந்துச்சு."

"அன்னிக்கு இங்க மழை இல்ல," என்றாள் ஒப்துலியா. "மழையெல்லாம் மலையில. ஊர்ல நல்ல வெயில். 'அக்கா, சீக்கிரம் வா, முன்னால நின்னாத்தான் எண்ணெய் கிடைக்கும்'னு கத்திட்டுப் போனா. எனக்கு முட்டி வலி, பின்தங்கிட்டேன். வரிசையில முன்னால நின்னவங்களத்தான் ஆறு முதல்ல அள்ளிச்சு."

"இதுக்கெல்லாம் தாள்ல இடம் இல்ல, டோன்யா. சங்கு ஊதிச்சா இல்லையா, அதுதான் கேள்வி."

அந்த நேரத்தில் சங்கு ஊதியது.

பள்ளிக்கூடக் கூரைமேலேயே அது இருப்பதால் சன்னல் கம்பிகள் அதிர்ந்தன. வரிசையில் சிலர் மைதானத்துப் பக்கம் திரும்பினார்கள், சிலர் மேட்டுப் பக்கம். யாரும் அடி எடுத்து வைக்கவில்லை. அதிகாரி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"என்ன இது? தண்ணியா?"

எங்களில் யாருக்குத் தெரியும். அவர் மேயரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "யோவ், தண்ணி வருதா இல்லையான்னு சொல்லுய்யா."

"இல்லீங்க, உக்காருங்க. நிவாரண லாரி வந்திருக்கும். வந்தா ஊதச் சொல்லியிருந்தேன்."

சத்தம் அடங்கும்வரை ஒப்துலியா பொறுத்திருந்தாள்.

"சங்கு கேட்டுச்சா, ஐயா?"

அவர் குனிந்து நாற்காலியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சில்ல? ஏன் மேட்டுக்கு ஓடல? எச்சரிக்கைய மதிக்கலையோ?"

"அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம்."

"தண்ணியா இல்லையான்னு கேக்க உங்களுக்கு மேயர் பக்கத்துல இருந்தாரு. கேட்டுக்கிட்டீங்க. கசில்தா யாரக் கேப்பா? 'சங்கு கேட்டதும் ஓடினா, மேயர் ஓடச் சொன்ன இடத்துக்கே ஓடினா'ன்னு எழுதுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

மேயர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கையெழுத்து இல்லன்னா தகரம் இல்ல. மழைக்காலம் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, ஞாபகம் வெச்சுக்க."

"ஒழுகட்டும். என் தங்கச்சி பேர்ல பொய்ய எழுதி வாங்கின தகரத்துக்கு அடியில நான் தூங்க மாட்டேன்."

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதிகாரி தாளின் ஓரத்தில் 'மறுத்தார்' என்று எழுதி, அதைக் கட்டின் அடியில் செருகினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடுத்து. செத்தது யாரு?"

"என் வீட்டுக்காரர். எலெயுதெரியோ."

"சங்கு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"வாசிக்கணுமா?"

என் வீட்டில் ஒரே ஒரு தார்ப்பாயின் கீழ் ஆறு பேர் படுக்கிறோம்.

"வேண்டாம்," என்று சொல்லிப் பேனாவை வாங்கினேன்.