ஒப்புக்கொடுக்கிறேன்

வேடியப்பனுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் நுழையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். "உன்னை முழுவதுமாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறாயா?" என்று போதகர் கேட்பார். "ஒப்புக்கொடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். மூன்று வாரமாக ஜெபக்கூட்டத்தில் ஒத்திகை. இந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் "ஒப்புக்கிறேன்" என்பான், கூட்டம் கொல்லென்று சிரிக்கும். சிரிக்கட்டும். அவன் எதை ஒப்புக்கொள்ளாமல் ஒளித்து வைத்திருக்கிறான் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்? அவன் நாக்குக்குத் தெரிந்திருந்தது.

ஆரணியில் சடையப்பன் முதலாளியின் சாயப்பட்டறையில் பட்டு வேகவைப்பது அவன் வேலை. கச்சாப் பட்டில் ஒரு பிசின் ஒட்டிக்கொண்டிருக்கும். சவுக்காரமும் சோடா உப்பும் கரைத்த கொதிநீரில் போட்டுப் புரட்டினால் பிசின் கழன்று பட்டு மின்னும். உப்பு கூடினால் போச்சு. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், தறியில் ஏற்றினால் இழை இழையாக அறும். எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஆடி மாதத்தில் ஒரு நாள், ஊர்க்கதை பேசிக்கொண்டே போட்ட உப்பை மறந்து இன்னொரு பங்கும் போட்டுவிட்டான். ஓர் இழையை விரலால் இழுத்துப் பார்த்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது. பேசாமல் அரக்குச் சாயம் ஏற்றிக் கொடுத்துவிட்டான்.

அந்தப் பட்டு, தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவாக முள்ளிப்பட்டு ஜெகநாதன் வீட்டுக்குப் போயிற்று. அவனும் அவன் மனைவி தேவகியும் அறுந்த இழைகளை முடிந்து முடிந்து பார்த்தார்கள். நாலு முழம் தாண்டவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய கல்யாணச் சேலை. முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"பட்டு எப்பிடிடா வெந்துச்சி?"

"நல்லாத்தான் வெந்துச்சிங்க" என்றான் வேடியப்பன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

ஜெகநாதனுக்குப் பாவு கொடுப்பது அன்றோடு நின்றது. ஒரு முதலாளி நிறுத்தினால் மற்றவர்களும் கொடுக்க மாட்டார்கள். ஐந்து மாதமாக அவன் கலசப்பாக்கம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"மனசுல அழுக்க வெச்சிகினு தண்ணில எறங்காதீங்க. நனைஞ்ச ஆளாத்தான் ஏறுவீங்க, புது ஆளா ஏற மாட்டீங்க" என்று போதகர் போன வாரம் சொன்னதிலிருந்து வேடியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி அம்மணியிடம் சொன்னான்.

"அத ஆண்டவர்கிட்ட சொல்லிக்கோ" என்றாள் அவள். "மொதலாளி காதுக்குப் போச்சின்னா நாளைக்கே வெளிய போடாம்பாரு. பொண்ணு ரெண்டு இருக்குது, நெனப்புல வெச்சிக்கோ." அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மார்கழிக் குளிரில் ஆறு இடுப்பளவு ஓடியது. வெள்ளை உடுத்தி ஐந்து பேர் தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். வேடியப்பன் கடைசி. அவனுக்கு முன்னால் தேவகி. முள்ளிப்பட்டு ஜெபவீட்டிலிருந்து அவளும் வருவாள் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கரையில் ஜெகநாதன் கையைக் கட்டிக்கொண்டு எங்கோ பார்த்து நின்றான்.

"மனசுல பாரம் ஏதாச்சும் இருக்குதாம்மா?" என்று போதகர் அவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இருக்குதுங்க ஐயா. வீட்டுக்குத் தூரமா இருந்த நாள்ல பாவத் தொட்டுட்டேன். ஒதுங்கி இருந்திருக்கணும். சேலைய ஜல்தியா முடிக்கணும்னு தொட்டேன். அதான் பாவே அறுந்து போச்சி. உன் தீட்டுதான் தறிய நிறுத்திச்சின்னு சொன்ன எங்க ஊட்டுக்காரரு, அன்னிலேர்ந்து எங்கூட பேசறதில்லீங்க."

"அது பாவமே இல்லம்மா. ஆண்டவர்கிட்ட தீட்டுன்னு ஒண்ணு கெடையாது."

"அப்ப பாவு ஏன் அறுந்துச்சிங்க ஐயா?"

போதகர் வந்தவாசியில் வாத்தியாராக இருந்தவர். வேதம் தெரியும், பட்டு தெரியாது. பதில் தெரிந்தவன் அந்த ஆற்றில் ஒருத்தன்தான் இருந்தான், அவன் வாயில் கொழுக்கட்டை.

ஒருத்தன் பிழைப்பைக் கெடுத்தோம் என்றுதான் இத்தனை நாள் வேடியப்பன் நினைத்திருந்தான். ஒரு பெண் தன் உடம்பையே வெறுக்கும்படி செய்திருக்கிறோம் என்று இப்போதுதான் தெரிந்தது. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. நிமிர்ந்து பார்த்தான். கரையில் அம்மணி, வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள்.

"ஒப்புக்கிறேன்" என்றான். சத்தமாகவே வந்துவிட்டது.

கரையில் சிரிப்பு. போதகரும் சிரித்தார். "உன்ன இன்னும் கேக்கவே இல்லயே வேடியப்பா. கேட்டா, ஒப்புக்கொடுக்கிறேன்னு சொல்லணும்."

"இல்லீங்க ஐயா, சரியாத்தான் சொல்றேன். அந்தப் பட்டக் கெடுத்தது நான்தான். சோடா உப்ப ரெண்டு தபா போட்டுட்டேன். தெரிஞ்சேதான் குடுத்தனுப்பினேன். மொதலாளி கேட்டப்ப பொய் சொன்னேன்."

சிரிப்பு நின்றது. தேவகி திரும்பினாள்.

"அப்ப, நான் தொட்டதால இல்லயா?"

"இல்லம்மா. உங்க கைமேல ஒரு குத்தமும் இல்ல."

ஜெகநாதன் கரையிலிருந்து வேட்டியோடு தண்ணீரில் இறங்கினான். அடிக்கத்தான் வருகிறான். வேடியப்பன் நகரவில்லை, கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது ஜெகநாதன் அவனைத் தாண்டிப் போய் மனைவியின் எதிரே நின்றிருந்தான்.

"தேவகி" என்றான். ஐந்து மாதத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

கொஞ்ச நேரம் கழித்துத் தேவகி ஞானஸ்நானம் பெற்றாள். போதகர் வேடியப்பன் பக்கம் கையை நீட்டினார். "சொல்லிட்ட இல்ல, வா, முழுகு."

"இல்லீங்க ஐயா. பிசின் போவாத பட்டுல சாயம் நிக்காது. மொதலாளிகிட்டயும் சொல்லிட்டு வந்துடறேன். வந்து ஒப்புக்கொடுக்கிறேன்."

இந்தத் தடவை வார்த்தை சுத்தமாக வந்தது.

கரையேறினான். அம்மணி அழுதுகொண்டே, பழக்க தோஷத்தில் துண்டை நீட்டினாள். "தலையத் தொவட்டு."

தலை நனையவே இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முதலாளி வீட்டுத் தெருவைப் பார்த்து நடந்தான். நாலடி பின்னால் அம்மணியும் நடந்தாள்.