நாலாவது வரி

பாடம் எழுதுவது பதியுதீனின் தொழிலாக இருந்தது. பள்ளிக்கூடப் பாடமல்ல, வேலைத்தலப் பாடம். கல்முனைக் கடற்கரையோரத் தையல் தொழிற்சாலையில் ஊசி மாற்றுவதோ, தீப்பிடித்தால் வெளியேறுவதோ, எதையும் ஐந்து வரிக்குள் எழுதித் தைக்கிற பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுவார். தன்னைப்போல் எழுத ஆளில்லை என்ற மண்டைக்கனமும் கொஞ்சம் இருந்தது.

யுத்தம் முடிந்து மூன்று மாதம் ஆகவில்லை. அக்கரைப்பற்றில் தம்பியின் அரிசிக் கடையில் சும்மா குந்தியிருந்தவரைத் தேடி, பழைய தொழிற்சாலையில் தைத்த நிப்லா வந்தாள். வயல் பக்கம் புதுத் தொழிற்சாலை திறக்கிறார்களாம், அவள்தான் மேற்பார்வையாளர்.

“தீப் பயிற்சிப் பாடத்த நீங்கதான் எழுதித் தரணும், சேர்.”

“அத விட்டு நாலரை வருசமாகுது புள்ள. வேற ஆளப் பாரு.”

விட்ட காரணம் ஊருக்கே தெரியும். மணி அடித்தால் பின்கதவால் வெளியேறி, கடலுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவிலிருந்த மணல் திடலில் நிற்க வேண்டும் என்று எழுதியவர் அவர்தான். முன்பக்கம் மெயின் ரோடு. தேத்தண்ணிக் கடை ஆண்களுக்கு முன்னால் குமருப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் ஊர் என்ன கதைக்கும்? பெற்றோருக்கும் அது பிடித்துப்போயிற்று. மாதாமாதம் பழக்கி, வெளியேற எடுத்த ஏழு நிமிடத்தை இரண்டு நிமிடமாக்கினார்.

தொழிற்சாலைக்கு வெள்ளிதான் லீவு. சுனாமி வந்த ஞாயிறு வேலை நடந்தது. ரோட்டில் ஆட்கள் கத்திக்கொண்டு ஓட, காவலாளி தீ என்று நினைத்து மணியை அடித்தான். பட்டியலில் இருபத்தாறு பெயர். இருபத்தைந்து பிள்ளைகள் இரண்டே நிமிடத்தில் திடலில் நின்றார்கள். பாடத்தைப் பிசகாமல் செய்தார்கள், பாவிகள். பதியுதீன் அன்று கடலுக்குத் தொலைவான வரிப்பத்தான்சேனையில் ஒரு கலியாண வீட்டில் இருந்தார்.

அந்த இருபத்தைந்து பேரில் பாண்டிருப்புத் துஷாந்தினி மட்டும் தென்னையில் சிக்கித் தப்பினாள். திடலுக்கே வராதவள் நிப்லா. செருப்பை விட்டுவிட்டு வா என்று எத்தனை தரம் ஏசினாலும், முன்வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளுக்குள் தன் சோடியைத் தேடப் போய்விடுவாள். அன்றும் போனாள். ஓடிய கூட்டம் அவளையும் இழுத்துக்கொண்டு போனது.

நிப்லா எழும்பவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“சேர், நான் பாடத்துக்காக மட்டும் வரல்ல. போன மாசம் துஷாந்தினியக் கண்டன். திடல்ல எங்களுக்கெல்லாம் மூத்த ஸைனம்பு ராத்தாதான் பேர் கூப்பிட்டாவாம். என்ட பேர மூணு தரம் கூப்பிட்டாவாம். கடல் இரையிறதக் கேட்டு ரெண்டு பேர் ஓடப் பாத்தாங்களாம். ‘நிப்லா இன்னும் வரல்ல, நாலாவது வரி என்ன?’ எண்டு ராத்தா மறிச்சாவாம்.”

நாலாவது வரி இதுதான்: கடைசிப் பெயருக்கும் பதில் வரும்வரை ஒருவரும் திடலை விட்டு அசையக் கூடாது.

“எனக்காகத்தானே நிண்டாங்க? என்னாலதானே எல்லாரும் மௌத்தானாங்க?”

முதலில் அந்தப் பாடத்தில் மூன்று வரிகள்தான் இருந்தன. நிப்லா சேர்ந்த முதல் வாரம் நடந்த பயிற்சியில், அவள் வெளியே வராததை ஒருவரும் கவனிக்கவில்லை. பார்வையிட வந்தவர் கேட்டபோது பதியுதீனுக்கு மானம் போனது. அன்று பின்னேரமே நாலாவது வரியைச் சேர்த்தார். அவளால்தான் அந்த வரி வந்தது; அப்போது பாடமே பழகியிராத அவளுக்கு அது தெரியாது. துஷாந்தினி அதற்குப் பிறகு வந்தவள். அது தெரிந்த மற்ற எல்லோரும் அன்று கடலோடு போய்விட்டார்கள்.

“இல்ல புள்ள. நீ வேலைக்கு வாறதுக்கு முந்தியே அந்த வரி இருந்திச்சு. அவங்க உனக்காக நிக்கல்ல. என்ட சொல்லுக்காக நிண்டாங்க.”

நிப்லா அவர் முகத்தையே பார்த்தாள்.

“வல்லாஹி சொல்லுங்க, சேர்.”

ஐந்து நேரத் தொழுகை தவறாத மனிதர். அல்லாஹ்வின் மேல் பொய்ச்சத்தியம் செய்தால் மறுமையில் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

“வல்லாஹி,” என்றார்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாலரை வருசத்து அழுகை. ஓய்ந்த பிறகு கேட்டாள்: “அப்ப பாடம்?”

“எழுதித் தாறன்.”

வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவள் போனாள். பதியுதீன் கொப்பியைத் திறந்து மூன்று வரி எழுதினார். நாலாவதற்குக் கை வரவில்லை. அரிசி வாங்க வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதார்.