மிதித்தால் வரும் விசில்

காதுக்காரர் என்றால்தான் அந்த மெக்கானிக்கை ஊருக்குத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதோடு சரி. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி முனகுகிறதா, கடகடக்கிறதா, கூவுகிறதா என்று ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். பேரிங் போயிருக்கிறது, என்ஜினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கிறது, சைலன்சரில் ஓட்டை. பானெட்டைத் திறப்பதெல்லாம் சாட்சிக்குத்தான். பாம்புச் செவி என்பார்கள். அவரும் மறுக்கமாட்டார். புகழ் யாருக்குக் கசக்கும்?

அன்று காலை ஒரு பல் டாக்டரம்மா புதிதாக வந்தார். வண்டி வேகமெடுக்கும்போது விசில் அடிக்கிறதாம். பட்டறையைக் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் மச்சினன் பொருள் வாங்கப் போயிருந்தான். காதுக்காரர் அந்தம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டியை மேம்பாலத்தில் ஏற்றி, ஓங்கி மிதித்தார். என்ஜின் குரல் சீராகத்தான் இருந்தது. விசிலாவது மண்ணாவது.

"ஒண்ணும் இல்லையேம்மா."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "என்ன சார், இப்பக்கூடக் காதைக் குத்துது! நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? ஒரு பெரியவர் ஓட்டிப் பாப்பாரு, சத்தமே இல்லம்பாரு, நீங்க தலையாட்டிட்டு வந்துருங்க, அப்புறம் நான் சரிபண்ணித் தர்றேன்னு போன்ல சொன்னீங்கல்ல? பாவம், அவருக்குக் காது போயிருச்சுன்னு. எங்க அவரு, இன்னைக்கு வரலையா?"

தலைக்கு அடித்திருந்த கறுப்பு மையால், போனில் பேசிய மச்சினன் என்றே அவரை நினைத்திருந்தார் அந்தம்மா. அந்த மை அவரைக் காப்பாற்றியதா கவிழ்த்ததா என்று சொல்வது கஷ்டம். அந்தப் பெரியவர் நான்தான் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "வரலம்மா" என்றார். வண்டியை விட்டுவிட்டுச் சாயங்காலம் வரச் சொன்னார்.

பட்டறையின் பின்பக்கம் பழைய டயர்கள் மேல் போய் உட்கார்ந்தார். கனத்த சத்தமெல்லாம் இன்னும் அவருக்குக் கேட்கிறது. இரும்பு தேய்க்கும் கிரைண்டர் முன்னால் நின்று நின்று, மெல்லிசாக, கூர்மையாக வரும் சத்தத்தைத்தான் காது கைவிட்டிருக்கிறது. அது எந்த மெக்கானிக்குக்கும் வரும். ஆனால் "நீங்க சொன்னாச் சரிண்ணே" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போன அத்தனை பேரும், தெருமுனையில் வண்டியைத் திருப்பி மச்சினனிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் நடந்திருக்கிறது. கூட இருந்தே குழி பறித்திருக்கிறான் பாவி.

சரி, அவன் போகட்டும். அவன் அக்காவுக்கு இது தெரிந்திருக்கக் கூடாது. அது ஒன்றுதான் இப்போது அவருக்கு வேண்டியிருந்தது. முன்னறையில் உட்கார்ந்து உதிரிபாகம் விற்பவள் அவர் மனைவி. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தால்கூட நாலு பேர் முன்னால் மூஞ்சிக்கு நேரே சொல்கிறவள். அவளாவது மறைப்பதாவது?

சாயங்காலம் பட்டறையைச் சாத்துமுன் தன் சொந்த வண்டியின் பானெட்டைத் திறந்தார். டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் ஓஸ் பைப்பின் கிளாம்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். அங்கே காற்று கசிந்தால், மிதிக்கிறபோது விசில் வந்தே தீரும். எத்தனை வண்டியில் அவரே பிடித்த நோய் அது.

வழக்கம்போல மூன்று பேரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மனைவி முன்னால், மச்சினன் பின்னால். மேம்பாலம் வந்ததும் மிதித்தார். இழுவை குறைந்தது அவர் காலுக்குத் தெரிந்தது. காதுக்கு ஒன்றும் வரவில்லை. கண்ணாடியில் மச்சினன் முகம் சுளித்தது.

"மாப்ளே, ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"இல்லையே மாமா. வெண்ணெயா போகுது."

எதிர்பார்த்ததுதான். இன்னும் அழுத்தி மிதித்தார். மனைவியின் கை தானாகக் காதுப்பக்கம் எழுந்து, பாதி வழியில் முந்தானையைச் சரிசெய்யப் போய்விட்டது.

"நீ சொல்லு. உனக்குக் கேக்குதா?"

அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இல்லைங்க. நல்லாத்தானே போகுது."

பாலம் இறங்கியதும் வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைத்தார்.

"ஓஸ் கிளாம்ப நான்தான் தளத்தி விட்டேன்."

மச்சினன் தலை குனிந்தது.

"முன்னப் பின்ன தெரியாத பல் டாக்டருக்குக்கூடச் சொல்லியாச்சு. எனக்கு மட்டும் சொல்லல. ஊரே சிரிச்சிருக்கு, நான் பாம்புச் செவின்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

"யாருங்க சிரிச்சாங்க?" மனைவியின் கண் நிறைந்துவிட்டது. "உங்க மனசு உடைஞ்சிருமேன்னுதான்..."

அவள் இன்னும் என்னென்னவோ சொன்னாள். நன்றாக அவர் பக்கம் திரும்பி, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரக்கச் சொன்னாள். அவருக்கு எல்லாமே தெளிவாகக் கேட்டது. வீட்டில் அவள் எப்போதிலிருந்து தன்னிடம் இப்படிப் பேசுகிறாள் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.