காலடியில் ஒரு பிரேக்

கார் ஓட்டக் கற்றுத்தரும் மாஸ்டர் மூன்றாவது வாரமாக மனநல ஆலோசகரின் அறையில் உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு வாரமும் முதுகுவலியைப் பேசியே ஒப்பேற்றிவிட்டார். இன்று முதுகுவலியும் கைகொடுக்கவில்லை.

கிளம்பும்போதே மனைவி சொன்னாள்: "அங்கயும் போய் ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லப்போறீங்கன்னா, இங்கயே சொல்லிட்டுப் படுங்க. அலைச்சலாவது மிச்சம்."

யார் யார் பிள்ளைகளுக்கோ சொல்லித்தருகிறவர், சொந்த மகளுக்கு மட்டும் முடியாது என்றுவிட்டார். ஏன் என்று மகள் கேட்டதும் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். அவள் அவரோடு பேசுவதை நிறுத்தி ஒரு மாதமாகிறது. முடியாது என்றதன் காரணம் அவருக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

"எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலை மேடம்."

மனநல ஆலோசகர் அவரைவிட இளையவர். "பரவால்ல. தெரியாமலே கொஞ்ச நேரம் உட்காருவோம்."

உட்கார்ந்தார்கள்.

"வேலை எப்படிப் போகுது?"

"ஓடுது."

"மகள்?"

"நல்லா இருக்கா."

ஆலோசகர் பேனாவை மூடிவைத்தார். "மகள்னதும் உங்க கால் தரையை அமுக்குது மாஸ்டர். போன வாரமும் பார்த்தேன். அங்க என்ன இருக்கு?"

குனிந்து பார்த்தார். தரைவிரிப்பு செருப்புக்கு முன்னால் சுருண்டு கிடந்தது. அவருக்கே சிரிப்பு வந்தது.

"பிரேக் மேடம். பழகற வண்டியில எங்க பக்கமும் ஒண்ணு வச்சிருப்பாங்க. தொழில் புத்தி. சினிமா பார்க்கும்போதுகூட அமுக்குவேன்."

"இப்ப எதை நிறுத்தினீங்க?"

சிரிப்பு போய்விட்டது.

"அவ தனியா ஓட்டிட்டுப் போறப்ப என் பக்கம் பிரேக் இருக்காதுல்ல."

மாஸ்டர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"என் தம்பிக்கு நான்தான் கத்துக்கொடுத்தேன். நல்லா ஓட்டறான்னு சாவியைக் கொடுத்ததும் நான்தான். அன்னைக்கு மழை. அவன் திரும்பி வரலை."

பிறகு நிற்கவில்லை. எங்கெங்கோ திக்கினார், சொன்னதையே திரும்பச் சொன்னார். உங்கள் தப்பில்லை என்று ஆலோசகர் நடுவே புகவில்லை. மாஸ்டருக்கு அழுகைக்கு நடுவிலும் ஆச்சரியமாக இருந்தது. பக்கத்து இருக்கையில் ஆள் தடுமாறினால் அவர் கை தானாக ஸ்டியரிங்குக்குப் போய்விடும். இந்தப் பெண் ஒரு தடவைகூடக் கை நீட்டவில்லை. இருந்தும் அங்கேயே இருந்தார். இத்தனை வருஷம் சொல்லித்தந்தும் தனக்கு இந்தப் பொறுமை வாய்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் மகளுக்குப் போன் செய்தார். நெடுநேரம் மணி அடித்தது.

"அம்மாகிட்ட கொடுக்கவா?"

"இல்லம்மா. உன்கிட்டதான். ஏன் முடியாதுன்னேன்னு சொல்லணும்."

ஒரு பஸ் கடந்து போகும்வரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சித்தப்பாவைப் பத்தி."

மறுமுனையில் டி.வி. சத்தம் நின்றது.

"வீட்டுக்கு வாங்கப்பா" என்றாள். "நான் இன்னும் சாப்பிடலை."