ஒன்பதாம் மூடி

1

இந்தக் கதை விண்வெளியில் பிறந்ததல்ல, ஓர் ஐஸ் தொழிற்சாலையில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் விண்கலத்தைப் பற்றி நான் எழுதும் ஒவ்வொரு வரியிலும் என் அறியாமை பல்லைக் காட்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் குளிர்க்குழாய்கள்தான். நானும் என் நண்பனும் பன்னிரண்டு குழாய்களின் அழுத்த மீட்டர்களைப் பார்த்து நோட்டில் எழுதும் வேலையில் இருந்தோம். அங்கே ஒரு விளையாட்டு தொடங்கியது. அது முடிந்தபோது நண்பனின் தங்கை உயிரோடு இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுத எனக்குத் துணிச்சல் போதவில்லை. அதனால் தொழிற்சாலையை அப்படியே தூக்கி வானத்தில் வைத்துவிட்டேன். அவனுக்கும் இது தெரியும். போன வாரம் தொலைபேசியில் பேசினான்.

"எழுதுடா. ஆனா கதையில அவளைப் பொழைக்க வெச்சுடாத. அப்புறம் நான் செஞ்சது ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடும். எழுதி முடிச்சதும் முதல்ல எனக்குத்தான் அனுப்பணும், ஆமா."

சரி என்று சொல்லிவிட்டேன். அவனுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதை இந்தக் கதைக்குள் எழுதுவதா, வழக்கம்போல் விழுங்கிவிடுவதா என்பதுதான் என் சிக்கல்.

2

முதல் தொடக்கம்: "எல்லையற்ற இருளைக் கிழித்துக்கொண்டு அந்த வெள்ளிக் கலம்——"

வேண்டாம். வெள்ளிக் கலமாம்! ஆட்கள் வேலை செய்கிற இடமென்றால் சுவரில் கிரீஸ் கை பதிந்திருக்கும், தரையில் எங்கேயாவது தண்ணீர் சொட்டும்.

இரண்டாம் தொடக்கம்: "கலத்தில் இருந்த நூற்றிருபது பேரில் விழித்திருந்தவர்கள் எட்டே பேர்."

இது தேவலை. மற்றவர்கள் பன்னிரண்டு அறைகளில், குளிரில், பயணம் முடியும்வரை தூங்குகிறார்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளிர்க்குழாய், அதற்கொரு மீட்டர், மீட்டருக்கு மேல் ஓர் இரும்பு மூடி. மூடியில் பனி இறுகியிருக்கும். வெந்நீர் ஊற்றி, இரண்டு நட்டைக் கழற்றி, ஊசியைப் பார்த்து ஒருவன் எண்ணைச் சொல்ல வேண்டும், மற்றவன் எழுத வேண்டும். ஊசி எண்பதைத் தாண்டினால் சிவப்புக்கோடு. உடனே வால்வை மூடி, அறையில் இருப்பவர்களை வெளியேற்ற வேண்டும். தாமதித்தால் குழாய் வெடிக்கும்.

வேலைக்காரர்கள் இருவர். ஒருவன் நெட்டை, இன்னொருவன் ஜோசியன். நெட்டையின் தங்கை ஒன்பதாம் அறையில் தூங்குகிறாள்.*

* தொழிற்சாலையில் அவள் தூங்கவில்லை. ஒன்பதாம் குழாய் போகும் அறையில் பெட்டி கட்டினாள். கட்டிக்கொண்டே பாடுவாள். சுமாராகத்தான் பாடுவாள், ஆனால் விடமாட்டாள்.

3

விளையாட்டை அறிமுகப்படுத்தும் காட்சியை முதலில் இப்படி எழுதினேன்:

நெட்டை வெந்நீர்க் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "மச்சான், திறக்கறதுக்கு முன்னாடி எவ்வளவுன்னு சொல்லு பார்ப்போம்" என்றான்.

துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் இதைக் காட்டினேன். ஒரு கையில் சட்டையும் மறு கையில் தாளுமாகப் படித்தாள்.

"நெட்டை அண்ணன் எப்பங்க இப்படியெல்லாம் பேசினாரு? அவருக்கு ஆளைச் சீண்டவே வராதே. இது உங்க பேச்சு மாதிரியில்ல இருக்கு?"

பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது. சரி, மாற்றி எழுதுகிறேன்.

ஜோசியன் கெட்டிலைக் கீழே வைத்தான். "திறக்கறதுக்கு முன்னாடி எவ்வளவுன்னு சொல்லு பார்ப்போம்."

"எனக்கெப்படித் தெரியும்?"

"குழாய்மேல கைய வை. காதை வை. சும்மா சொல்லுடா, காசா பணமா?"

நெட்டை காதை வைத்தான். "அம்பத்தெட்டு."

திறந்தார்கள். ஐம்பத்தெட்டு.

நெட்டை சிரித்த சிரிப்பு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. (கதைக்குள் 'எனக்கு' எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். ஜோசியன் நான்தான். இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள்.) யாரும் சொல்லித்தராத ஒன்றைச் சரியாகச் சொல்வதில் ஒரு போதை இருக்கிறது. நாள் முழுக்க மீட்டருக்குக் கீழ்ப்படிந்து நின்றவனுக்கு, மீட்டரே தன் பேச்சைக் கேட்பதுபோல் இருக்கும். ஒரு மாதத்தில் நாங்கள் பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொன்னோம். அப்போது ஜோசியன் ஒரு புது விதி கொண்டுவந்தான்: முதல் மூன்றும் சரியாக இருந்தால் அன்று மீதியைத் திறக்க வேண்டாம், சொன்னதை எழுதினால் போதும்.

"பார்க்காம எழுதறது தப்புடா."

"பார்த்து எழுதினாலும் அதேதானே வருது?"

நெட்டை யோசித்தான். "ஒன்பதை மட்டும் நான் தினம் திறப்பேன்."

"திற. யாரு வேணாம்னா?"

நோட்டு அழகாக ஆகிவிட்டது. தடுமாறும் ஊசியைப் பார்த்து எழுதினால்தானே அடித்தல் திருத்தல் வரும்? "உங்க நோட்டு மாதிரி சுத்தமான நோட்டை நான் பார்த்ததே இல்லை" என்று கலத்தின் தலைவரே முதுகில் தட்டினார். ஆளுக்கொரு தட்டு.

4

அந்த நாள். முதல் மூன்றும் சரி. நாலிலிருந்து எட்டுவரை நடந்துகொண்டே எழுதினார்கள். ஒன்பதில் நெட்டை நின்று கெட்டிலைச் சாய்த்தான். தண்ணீர் ஆறிப்போயிருந்தது. பனி அசையவில்லை, நட்டும் திரும்பவில்லை.

"போய் வெந்நீர் கொண்டாரேன்."

"ஒரு மாசமா இதைத் திறக்கிற. ஒரு நாளாவது நீ சொன்னது தப்பா இருந்துச்சா?" என்றான் ஜோசியன். "பசிக்குதுடா, வா."

நெட்டை மூடிமேல் உள்ளங்கையை வைத்தான். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். "அறுபத்து மூணு" என்றான். அவனே எழுதினான்.

இருவரும் கேன்டீனுக்குப் போனார்கள். ஜோசியனுக்கு உட்கார முடியவில்லை. பயத்தினால் அல்ல. சொன்னது சரியா தவறா என்று தெரியாமல் இருப்பது இந்த விளையாட்டை ஆடுபவனுக்குத் தாங்காது. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தான். வெந்நீர் பிடித்துக்கொண்டு ஒன்பதுக்குப் போனான். ஊற்றினான், கழற்றினான்.

ஊசி தொண்ணூற்று ஒன்றில் நின்றது.

5

இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன.

(அ) ஜோசியன் வால்வை மூடிவிட்டுக் கத்துகிறான். ஒன்பதாம் அறையைத் திறக்கிறார்கள். தங்கை நடுங்கிக்கொண்டே எழுந்து, "ஏண்ணா எழுப்பினே? வந்து சேர்ந்துட்டமா?" என்று சிடுசிடுக்கிறாள். இதை எழுதியபோது எனக்கு அழுகை வந்தது. ஆனால் இது வேண்டாமென்று நண்பன் சொல்லியிருக்கிறான்.

(ஆ) ஜோசியன் எழுந்து போகவே இல்லை. இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குழாய் வெடிக்கிறது. நோட்டில் நெட்டையின் கையெழுத்தில் அறுபத்து மூன்று. விசாரணையில் எழுதியது இதுதான். பதினெட்டு வருடமாக நண்பன் நம்புவதும் இதுதான்.

(இ) ஜோசியன் மூடியைத் திரும்பப் போட்டு——

ஜோசியன் மூடியைத் திரும்பப் போட்டு, இரண்டு நட்டையும்——

மூடியைத் திரும்பப் போட்டேன். இரண்டு நட்டையும் முறுக்கினேன். வால்வு என் இடது பக்கம், மூன்றடியில் இருந்தது. மூடினால் நோட்டைக் கேட்பார்கள். நோட்டைப் பார்த்தால் விளையாட்டு வெளியே வரும், விளையாட்டை யார் தொடங்கியது என்பதும் வரும். மீட்டர் சிக்கியிருக்கும், சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு தரம் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

"எங்கடா இவ்வளவு நேரம்?" என்றான் அவன், கேன்டீனில்.

"கை கழுவப் போனேன்."

டீ வாங்கினேன். சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தேன். பாதி கிளாஸ் ஆகும்போது சத்தம் கேட்டது. அவன்தான் முதலில் ஓடினான்.

"ஒன்பதாவது மீட்டரை அன்னிக்கு நீங்க பார்த்தீங்களா?" என்று விசாரணையில் கேட்டார்கள். இல்லை என்றேன். அவன் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ என்னடா பண்ணுவே, நான்தானே எழுதினேன்" என்று அழுதான். நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்.

6

மேசைமேல் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று (ஆ)வோடு நிற்கிறது. கச்சிதமான கதை, எந்தப் பத்திரிகையும் போடும். மற்றது இது. இரண்டுக்கும் உறை வாங்கி, இரண்டிலும் உன் விலாசத்தையே எழுதிவைத்தேன். நெட்டை, இந்த வரியை நீ படிக்கிறாய் என்றால் எதைத் தபாலில் போட்டேன் என்பது உனக்குத் தெரிந்துவிட்டது.

இதற்கு முடிவு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். நீ மன்னிப்பதாக எழுதுவதும் அயோக்கியத்தனம், மன்னிக்காததாக எழுதி என்னை நானே நல்லவனாகக் காட்டிக்கொள்வதும் அயோக்கியத்தனம். நீ தபாலில் பதில் போடலாம், போடாமலும் விடலாம், இந்தத் தாள்களை விசாரணை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

நேரில் வருவதானாலும் வா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். மனைவி இதை முழுக்கப் படித்துவிட்டாள், இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. நீ வந்து என்ன செய்தாலும் குறுக்கே வரக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். அவள், "நான் எதுக்குங்க வரப்போறேன்" என்றாள்.